சலீம் அலி பழ வௌவால்: வலை போடாமல் அடையாளம் கண்டு பதிவு செய்ய ஒரு முழு வழிகாட்டி

மேகமலைக்கோ களக்காட்டுக்கோ போய் வந்த யாராவது ஒருவர், இருட்டில் எடுத்த மங்கலான வௌவால் படத்தை அனுப்பி "இது சலீம் அலி வௌவால்தானே?" என்று கேட்பது வாடிக்கையாகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் பதிவான, அழிவாபத்தில் உள்ள பழ வௌவால் அது. பெரும்பாலும் படத்தில் இருப்பது குட்டைமூக்குப் பழ வௌவாலாகத்தான் இருக்கும். ஊருக்குள் கொய்யா மரத்துக்கு வரும் அதே வௌவால். மீதிப் படங்களை வைத்து எதையுமே சொல்ல முடியாது.

தவறு பெரும்பாலும் கேமராவில் இல்லை, வேலையைத் தொடங்கும் வரிசையில் இருக்கிறது. முதலில் காட்டுக்குப் போய், அப்புறம் படம் எடுத்து, அதற்கும் அப்புறம் பெயர் தேடினால் எந்த உறுப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கீழே உள்ளது நேர்மாறான வரிசை. வௌவாலைக் கையால் தொடாமல் ஒரு மாணவரோ இயற்கை ஆர்வலரோ எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரத்துக்கு மட்டும் எழுதியிருக்கிறேன்.

1. முதலில் பெயரையும் உறவுமுறையையும் சரிபாருங்கள்

அறிவியல் பெயர் லாட்டிடென்ஸ் சலீமலீ. ரோமன் எழுத்தில் எழுதும்போது கடைசியில் 'ஐ' இரண்டு முறை வரும். ஒன்றோடு நிறுத்திவிட்டுத் தேடினால் சில தரவுத்தளங்கள் எதையுமே காட்டாது, "பதிவே இல்லை போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்வீர்கள்.

வகைப்பாட்டை இப்படி எழுதிக்கொள்ளுங்கள். வரிசை கைராப்டெரா, குடும்பம் டெரோபோடிடே, துணைக்குடும்பம் சைனோப்டெரினே, பேரினம் லாட்டிடென்ஸ். இந்தப் பேரினத்தில் இது ஒன்றுதான் இனம். அதனால் வால், காது, பல் எல்லாம் பொருந்தி லாட்டிடென்ஸ் வரை வந்துவிட்டால் இனமும் தீர்ந்தது. கஷ்டம் அதற்கு முந்தைய படியில்தான்.

பழைய புத்தகங்களில் வௌவால்களைப் பெரியவை, சிறியவை என்று இரண்டு துணைவரிசைகளாகப் பிரித்திருப்பார்கள். டிஎன்ஏ ஆய்வுகள் வந்த பிறகு அந்தப் பிரிவு நிற்கவில்லை. இப்போது பழ வௌவால்களும், பூச்சி தின்னும் குதிரைலாட வௌவால்களும் யின்டெரோகைராப்டெரா என்ற ஒரே பிரிவில் இருக்கின்றன, மற்ற பல குடும்பங்கள் யாங்கோகைராப்டெராவில். அதாவது "பூச்சி தின்னிகள் எல்லாம் ஒரு குலம், பழந்தின்னிகள் வேறு குலம்" என்று எழுதினால் தப்பு. கல்லூரி ப்ராஜெக்ட்களில் நான் அதிகம் சிவப்பு மை போட்ட வரி இதுதான்.

பெயரைச் சூட்டியவரையும் ஆண்டையும் சேர்த்து எழுதும்போது அடைப்புக்குறியைக் கவனியுங்கள். லாட்டிடென்ஸ் சலீமலீ தாங்லாங்யா, 1972. இதில் அடைப்புக்குறி வராது, முதலில் விவரித்த அதே பேரினத்தில்தான் இன்றும் இருக்கிறது. ஆனால் குட்டைமூக்குப் பழ வௌவால், சைனோப்டெரஸ் ஸ்பிங்க்ஸ் (வாஹ்ல், 1797). இதற்கு உண்டு, ஏனென்றால் வாஹ்ல் அதை வேறு பேரினத்தில் வைத்துத்தான் விவரித்தார். எல்லாவற்றுக்கும் அழகுக்காக அடைப்புக்குறி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வகைப்பாடு படித்தவர் அந்த ஒரு குறியைப் பார்த்தே உங்கள் கட்டுரையை எடைபோட்டுவிடுவார்.

முதல் மாதிரி, அதாவது பெயர் சூட்ட அடிப்படையான வௌவால், கிடைத்த இடத்தையும் பழைய, புதிய பெயரோடு எழுதிவையுங்கள். ஆங்கஸ் ஹட்டன் என்ற எஸ்டேட்காரர் 1948இல் ஹைவேவி மலையில் (இன்று மேகமலை என்று சொல்லும் பகுதி) இதைச் சேகரித்தார். பழைய தாள்களில் அது மதுரை மாவட்டம். 1996இல் தேனி தனி மாவட்டமானது, அந்த மலை இப்போது அங்கே. இது தெரியாமல் "மதுரை, தேனி ஆகிய இரண்டு மாவட்டங்களில் காணப்படுகிறது" என்று ஒரே இடத்தை இரண்டாக எண்ணிய பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன்.

2. குழப்பும் இனங்களுக்கு ஒரு ஒப்பீட்டுத் தாள் போடுங்கள்

இந்த வேலையின் பாதி இந்தத் தாள்தான். ஹட்டன் பிடித்த வௌவால் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் குட்டைமூக்குப் பழ வௌவால் என்ற பெயரிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தாங்லாங்யா அதை எடுத்து மண்டையோட்டையும் பற்களையும் பார்த்த பிறகுதான் அது வேறு பேரினம் என்றே தெரிந்தது. மாதிரியைக் கையிலேயே வைத்திருந்தவர்களுக்கே இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. மொபைல் படத்தில் உங்களுக்கும் எனக்கும் வராமல் இருக்குமா?

ஒரு தாளை எடுத்து இனங்களை இடப்பக்கமும், காது, வால், முன்கை (முழங்கை முதல் மணிக்கட்டு வரை) நீளம், நிறம், தங்கும் இடம் ஆகியவற்றை மேலேயும் எழுதிக் கட்டம் போடுங்கள். அதில் என்ன வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சலீம் அலி பழ வௌவால். நடுத்தர உருவம், தலையும் உடலும் சேர்த்துச் சுமார் 10 செ.மீ. முன்கை சுமார் 66 முதல் 69 மி.மீ. தலையில் கருப்பு கலந்த பழுப்பு முடி, அடிப்பக்கம் வெளிர் சாம்பல் பழுப்பு. காது முட்டை வடிவம், நுனி உருண்டை. வெளியே தெரியும் வால் கிடையாது. குகைகளில் தங்கும்.

குட்டைமூக்குப் பழ வௌவால். முன்கை சுமார் 64 முதல் 79 மி.மீ. இந்த எண்ணையும் மேலே உள்ள எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். லாட்டிடென்ஸின் அளவு முழுவதும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே அளவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. பிரிக்க உதவுபவை காது விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடு, இறக்கையின் கரிய சவ்வில் வெளுத்துத் தெரியும் விரல் எலும்புகள், குட்டையான வால் இவை மூன்றும்தான். வளர்ந்த ஆணுக்குக் கழுத்தில் செம்பழுப்புப் பட்டையும் இருக்கும். தங்குவது இலைகளுக்கு அடியில். கூந்தல் பனையின் காய்க்குலை, நெட்டிலிங்கம் போன்றவற்றில் ஆண் வௌவால் கடித்துக் கடித்துக் கூடாரம் மாதிரி செய்துகொள்ளும்.

இதன் குட்டிகள்தான் பெரிய தொல்லை. கழுத்துப் பட்டை இருக்காது, உடல் சாம்பல் நிறமாக இருக்கும். "பட்டை இல்லை, நிறம் மங்கல், அப்படியானால் லாட்டிடென்ஸ்" என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் பார்த்தது இந்தக் குட்டிகளைத்தான்.

சிறிய குட்டைமூக்கு வௌவால். சைனோப்டெரஸ் பிராக்கியோட்டிஸ் என்று புத்தகங்களில் இருக்கும். மலைக்காடுகளில் உண்டு. முன்கை 60 மி.மீ.யை ஒட்டி இருக்கும், காது விளிம்பு வெளுத்தே இருக்கும்.

குகைப் பழ வௌவால். ரூசெட்டஸ் லெஷனால்ட்டி. பாழுங்கிணறு, பழைய கோயில் மண்டபம், குகை என எங்கும் கூட்டமாக இருக்கும். முன்கை பொதுவாக 75 மி.மீ.க்கு மேல். முகவாய் சற்று நீளம், குட்டை வால் உண்டு, காதில் வெள்ளை விளிம்பு இருக்காது. காது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு லாட்டிடென்ஸ் என்று முடிவு கட்டுபவர்கள் சறுக்குவது இங்கே. இருட்டில் பறக்கும்போது நாக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பும், பக்கத்தில் இருந்தால் நம் காதுக்கே கேட்கும்.

இயோனிக்டெரிஸ். தேன் குடிக்கும் குகை வௌவால். நீண்டு மெலிந்த முகவாய். பெரும்பாலான பழ வௌவால்களுக்குக் கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலிலும் ஒரு சிறு நகம் இருக்கும், இதற்கு ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது.

பெரிய பழந்தின்னி வௌவால். ஆலமரங்களில் பகலில் தொங்குவது. இதற்கும் வால் கிடையாது, ஆனால் முன்கையே 15 செ.மீ.க்கு மேல், ஆகவே குழப்பம் வராது. பெயரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பழைய நூல்களில் டெரோபஸ் ஜைகான்டியஸ் என்றும் இப்போது டெரோபஸ் மீடியஸ் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே.

தாளின் ஓரத்தில் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். மேகமலைப் பகுதி, களக்காடு முண்டந்துறை, கேரளத்தில் பெரியாறு. 1948க்குப் பிறகு கண்ணில் படாமலே இருந்து, 1993இல்தான் மேகமலைப் பகுதியில் மறுபடி பார்த்தார்கள். இந்தப் பகுதிகளை விட்டுத் தள்ளி ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ "பார்த்தேன்" என்றால் கண்ணால் பார்த்தது போதாது, வேறு தரமான சான்று வேண்டும்.

3. அனுமதி இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த வௌவால் முதல் அட்டவணையில் இருக்கிறது. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே இடம். மற்ற பழ வௌவால்கள் பல காலம் எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில் இருந்தன. அந்தப் பழைய நினைப்பில் "வௌவால்தானே" என்று இறங்கினால் வழக்கு உங்கள் மேல் வரும்.

வலை கட்டுவதும் ஒரு பிடிப்புதான். பிடித்து, அளந்து, விட்டுவிட்டாலும் அது வேட்டை என்ற வரையறைக்குள் வரும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதியோடு, பயிற்சி பெற்ற ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலை அது. இந்த வழிகாட்டி முழுவதும் வலை இல்லாத வேலைக்கு மட்டும்.

வலை இல்லாவிட்டாலும் அனுமதி வேண்டும். மேகமலை 2021 முதல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் வருகிறது. களக்காடும் பெரியாறும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே புலிகள் காப்பகங்கள். இரவில் நடமாடவே தனி அனுமதி தேவைப்படும். விண்ணப்பத்தில் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணி வரை, எந்த விளக்கு என்பதை எழுதுங்கள். "வௌவால் ஆய்வு" என்று இரண்டு வார்த்தையில் கொடுத்தால் திரும்பித்தான் வரும், அது நியாயமும்கூட.

பலர் விடும் இன்னொன்று எஸ்டேட். காப்பி, தேயிலை, ஏலத் தோட்டங்கள் காட்டோடு பின்னிக் கிடக்கும் இடம் இது. குகை காட்டுக்குள் இருந்து, போகும் வழி தனியார் தோட்டத்தில் இருக்கலாம். மேலாளரிடம் பகலிலேயே சொல்லிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தோடு ஏலத்தோட்டத்தில் நின்றால் காவல்காரர் உங்களை என்னவென்று நினைப்பார்?

4. பையில் வைக்க வேண்டியவை, வைக்கக் கூடாதவை

சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு, இருநோக்கி, பென்சில், நனையாத நோட்டு, எண்ணிக்கைக் கருவி, ஸ்கேல், காகித உறைகள், அட்டைக் காலுறை. இருநோக்கி குறைந்த ஒளியில் பார்க்க உதவுவதாக இருக்கட்டும், 8க்கு 42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) போதும். பேனாவை விட்டுவிடுங்கள், மேகமலைப் பனியில் மை கரைந்து நோட்டு ஊதாவாகிவிடும்.

கையுறையும் என்95 முகக்கவசமும் கட்டாயம். எச்சம் குவிந்த குகைக்காற்றில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். பழ வௌவால்களும் நிபா வைரஸும் பற்றி 2018 கோழிக்கோடு சம்பவத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். அதற்காக வௌவாலைக் கண்டு அலற வேண்டியதில்லை. தொடாமல், கடித்த பழத்தை வெறுங்கையால் எடுக்காமல், எச்சத்தைக் கிளறாமல் இருந்தால் போதும். எப்படியோ கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனை போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கடி சின்னதாக இருக்கிறதே என்று விடாதீர்கள்.

வைக்கக் கூடாதது ஃபிளாஷ். இன்னொன்று, மிகையொலி கேட்கும் டிடெக்டரை நம்பிப் போவது. பூச்சி தின்னும் வௌவாலுக்கு அது அருமையான கருவி. ஆனால் பழ வௌவால்கள் தொண்டையிலிருந்து மிகையொலி எழுப்பி வழி தேடுவதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. டிடெக்டர் இரவு முழுக்கக் கத்தினால் நீங்கள் பதிவு செய்துகொண்டிருப்பது பெரும்பாலும் வேறு குடும்பத்தை. கடன் வாங்கியாவது டிடெக்டர் வாங்கி வந்து, சத்தம் இல்லாததால் "வௌவால் இல்லை" என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு.

5. குகையைத் தேடாதீர்கள், பழமரத்தில் தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லோருக்கும் குகைதான் வேண்டும். நான் சொல்வது முதலில் பகலில், பழுத்து நிற்கும் மரத்தடிக்குப் போங்கள். இரண்டு காரணம். மரத்தடியில் வௌவாலுக்கு உங்களால் தொந்தரவு மிகக் குறைவு. இரண்டாவது, அது என்ன தின்கிறது என்பதற்கான சான்று அங்கேதான் விழுந்து கிடக்கும்.

அத்தி இனங்களையும் உருத்திராட்ச இனத்து மரங்களையும் முதலில் பாருங்கள். லாட்டிடென்ஸ் தின்பதாகப் பதிவானவற்றில் இவை முக்கியம். எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதை வேட்டைத் தடுப்புக் காவலர்களும் மலையிலேயே வாழும் பளியர்களும் சொல்வார்கள். எந்த அட்டவணையையும்விட அது சரியாக இருக்கும். உங்களோடு நடப்பவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள், உதவி என்று எழுதும்போது அவர்கள் விரும்பினால் குறிப்பிடுங்கள்.

மரத்தடியில் தேட வேண்டியது சக்கை. பழ வௌவால் சதையை மென்று, நாக்கால் அண்ணத்தோடு அழுத்திச் சாற்றை விழுங்கி, நாரைத் துப்பிவிடும். அப்படித் துப்பியது தட்டையான சிறு வில்லையாகக் கிடக்கும், உற்றுப் பார்த்தால் அண்ண மடிப்புகளின் வரிகூடத் தெரியும். அணில் கடித்த பழத்தில் வெட்டுப்பல்லின் இணைக்கோடுகள் இருக்கும். மரநாய் முழுதாக விழுங்கி, கொட்டையோடு கழிவாகப் போட்டுவைக்கும், அது பாறை மேலோ பாதை நடுவிலோ இருக்கும். பறவை கொத்தியது குழியாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சக்கையை வைத்து "பழ வௌவால் தின்றது" என்பதற்கு மேல் எழுத முடியாது. எந்தப் பழ வௌவால் என்று சக்கை சொல்லாது. சக்கையைப் படமெடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மரத்தின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்க அனுமதி இருந்தால் கையுறையோடு காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், ஒரே இரவில் பூசணம் பிடித்துவிடும்.

வௌவால் பழத்தைப் பறித்த மரத்திலேயே உட்கார்ந்து தின்னும் என்று நினைத்து அங்கேயே காத்திருப்பார்கள் பலர். பல நேரம் பழத்தைக் கவ்விக்கொண்டு கொஞ்சம் தள்ளி வேறு கிளைக்குப் போய்விடும், பழமரத்தில் காத்திருக்கும் பகைவர்களிடம் சிக்காமல் இருக்க இது நல்ல வழி. அத்தியே இல்லாத ஒரு மரத்துக்குக் கீழ் அத்திச் சக்கை குவிந்திருந்தால் அதுதான் தின்னும் இடம். நீங்கள் உட்கார வேண்டிய இடமும் அதற்குச் சற்றுத் தள்ளித்தான்.

நிலவையும் குறியுங்கள். நிலா வெளிச்சம் அதிகமான நேரத்தில் குட்டைமூக்கு வௌவால்கள் பழமரத்துக்கு வருவது குறையும், ஆந்தைக்குப் பயம். பௌர்ணமிக்குப் போய் எதுவும் வரவில்லை என்றால் மரத்தில் பழம் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

6. குகை வாயிலில் வெளியேறுவதை எண்ணுவது

இப்போது குகை, அல்லது அந்தப் பக்கத்துப் பேச்சில் புடவு. உள்ளே போகாதீர்கள். பகலில் நீங்கள் உள்ளே போனால் வௌவால்கள் பதறிப் பறக்கும், தாயின் மார்பில் ஒட்டியிருக்கும் குட்டி கீழே விழும். பழ வௌவால்கள் பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும், ஒன்று போனால் அந்த ஈற்றே போயிற்று. இரண்டு மூன்று தடவை தொந்தரவு செய்தால் கூட்டமே இடத்தைக் காலி செய்துவிடும்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயிலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள். எதிரே உட்கார்ந்தால் அவை பறக்கும் பாதையை மறித்து நிற்பீர்கள். வானம் பின்னணியாகத் தெரியும்படி தாழ்ந்த இடமாகப் பாருங்கள், நிழலுருவம் தெளிவாக வரும்.

முதலில் வெளியே வருபவற்றைப் பார்த்துக் குதிக்காதீர்கள். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே சடசடவென்று திசை மாற்றிப் பறப்பவை பெரும்பாலும் குதிரைலாட வௌவால், இலைமூக்கு வௌவால் வகையறா. ஒரே குகையில் அவையும் இருக்கும். பழ வௌவால்கள் இருட்டிய பிறகு வரும், இறக்கை வீச்சு நிதானமாக இருக்கும், பாதை நேராக இருக்கும். இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டால் அந்த எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பும் இல்லை.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுங்கள், ஒருவர் எண்ணை மற்றவர் கேட்கக் கூடாது. வெளியே போனவை ஒரு பக்கம், திரும்ப உள்ளே வந்தவை ஒரு பக்கம் எழுதிக் கழியுங்கள். வாயிலிலேயே வட்டமடித்து உள்ளே திரும்பும் வௌவால் ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணித்தான் எண்ணிக்கை ஊதிப்போகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி போட்டுக்கொண்டால் பிறகு எங்கே வேறுபட்டோம் என்று கண்டுபிடிக்கலாம்.

திரும்பும் வழியில் யானையும் காட்டுமாடும் இருக்கும். காவலர் "போதும், கிளம்புவோம்" என்றால் எண்ணிக்கை பாதியில் நின்றாலும் கிளம்புங்கள். நோட்டில் "7.40க்கு நிறுத்தினோம்" என்று எழுதினால் அந்தப் பாதி எண்ணிக்கையும் பயன்படும்.

7. அடையாளத்தைக் கழித்துக்கொண்டே வாருங்கள்

படமோ பார்வையோ கிடைத்ததும் "இது லாட்டிடென்ஸ் மாதிரி இருக்கிறதா?" என்று தொடங்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பதில் எப்போதும் ஆமாம்தான். ஒப்பீட்டுத் தாளை எடுத்து மற்றவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள்.

முகத்தைப் பாருங்கள். பெரிய கண், நாய் மாதிரி முகம், மூக்கில் இலை இல்லை, காதின் உட்புறம் தனி மடல் இல்லை. அப்படியானால் பழ வௌவால் குடும்பம்.

அடுத்து காது. விளிம்பு வெளுத்திருந்தால் சைனோப்டெரஸ், வேலை முடிந்தது. வெளுப்பு தெரியவில்லை என்றால் அது இல்லாததாலா, படம் மங்கலாக இருப்பதாலா என்று கேளுங்கள். சிவப்பு விளக்கில் எடுத்த படத்தில் வெள்ளை விளிம்பு கரைந்துவிடும். அந்தப் படத்தை வைத்துக் காதைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

அப்புறம் வால். தொங்கும் வௌவாலில் இரண்டு கால்களுக்கும் நடுவே மேல்நோக்கிச் சிறு குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் தெரியாது, பின்புறமோ பக்கவாட்டிலோ வேண்டும். பறக்கும் படமானால் வானப் பின்னணியில் கால்களுக்கு இடையே பார்க்கலாம். வால் இருந்தால் லாட்டிடென்ஸ் இல்லை. வால் *தெரியவில்லை* என்றால் அது வேறு விஷயம், நோட்டில் அப்படியே "தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். விளக்கு, ஈரம், வயது மூன்றும் நிறத்தை மாற்றும். கருப்பாகத் தெரிந்தது என்ற ஒரே காரணத்துக்காக வந்த பதிவுகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

குகையில் இருந்தது என்பதும் துணைச் சான்றுதான். குகைப் பழ வௌவால் எல்லா இடத்திலும் குகையில் இருக்கும். வால், காது, இடம், உயரம் எல்லாம் ஒத்துவந்தால் "லாட்டிடென்ஸாக இருக்கலாம்" வரை வரலாம். உறுதி செய்ய, அனுமதி பெற்ற ஆய்வாளர் கையில் வைத்து அளவும் பல்லும் பார்க்க வேண்டும், அல்லது டிஎன்ஏ வேண்டும்.

8. எவ்வளவு நிச்சயம் என்பதை அன்றிரவே எழுதுங்கள்

காலையில் எழுதினால் "இருக்கலாம்" என்பது "இருந்தது" ஆகிவிடும். நான் பழக்குவது மூன்று நிலை. குடும்பம் வரை நிச்சயம், பேரினம் வரை நிச்சயம், இனம் வரை ஒத்துப்போகிறது. ஒவ்வொரு நிலைக்கும் எந்த உறுப்பைப் பார்த்தேன் என்று ஒரு வரி.

"நடுத்தரப் பழ வௌவால், காது விளிம்பு வெளுப்பில்லை, வால் தெரியவில்லை, குகை வாயில், கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்" என்ற குறிப்பைப் பத்து ஆண்டு கழித்து யாராவது எடுத்துப் பயன்படுத்தலாம். "சலீம் அலி வௌவால் பார்த்தேன்" என்ற குறிப்பை யாராலும் எதுவும் செய்ய முடியாது. இடம், நேரம், நிலவு, வானிலை, மரத்தின் பெயர், யார் யார் இருந்தார்கள் எல்லாம் அதே பக்கத்தில் வரட்டும்.

9. குறிப்புகளை இனக் கட்டுரையாக மாற்றுவது

வரிசை இதுதான்: பெயரும் சூட்டியவரும், முதல் மாதிரியின் இடம், அருகிய உறவுகளிலிருந்து பிரிக்கும் அடையாளங்கள், பரவல், தங்கும் இடம், உணவு, இனப்பெருக்கம், ஆபத்துகள், சட்ட நிலை. அடையாளத்தைப் பரவலுக்கு முன் வைக்கக் காரணம், பரவல் வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அந்த அடையாளத்தை நம்பித்தான் நிற்கிறது.

இங்கே நடக்கும் பெரிய பிழை, குடும்பத்தின் குணத்தை இனத்தின் குணமாக எழுதுவது. "சலீம் அலி வௌவாலுக்கு இரவுப் பார்வை கூர்மை, விதைகளைப் பரப்பும்" என்று ஒரு பக்கம் போகும். அதெல்லாம் பழ வௌவால்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் செய்தி. இந்த ஒரு இனத்தில் யாராவது பார்த்துப் பதிவு செய்ததை மட்டும் தனியே எழுதி, மீதியைக் குடும்பத்தின் பெயரில் எழுதுங்கள். கட்டுரை பாதியாகச் சுருங்கும், பரவாயில்லை. குட்டைமூக்கு வௌவாலின் உணவுப் பட்டியலைத் தூக்கி இதன் கணக்கில் வைப்பதும் இதே ரகம். வாழை, கொய்யா எல்லாம் அப்படித்தான் உள்ளே நுழைகின்றன.

ஆபத்துகளைப் பொதுவாக "மனிதத் தலையீடு" என்று எழுதி முடிக்காதீர்கள். மருந்து என்றும் இறைச்சி என்றும் சொல்லி வேட்டையாடுவது, காடு தோட்டமாவது, குகைக்கு ஆள் போவது, இவற்றில் நீங்கள் பார்த்தது எது, கேட்டது எது, படித்தது எது என்று பிரித்து எழுதுங்கள். ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செம்பட்டியலில் இப்போது அருகிய இனம். பழைய கட்டுரைகளில் மிக அருகிய இனம் என்று இருக்கும், ஆண்டைப் பார்க்காமல் எடுத்து எழுதிவிடாதீர்கள். நிலை மாறியதால் வௌவால் பெருகிவிட்டது என்றும் எழுத வேண்டாம், புதிய இடங்களில் கண்டறிவதாலேயே ஒரு இனத்தின் நிலை மாறலாம்.

10. பகிரும்போது

படத்தில் இருப்பிடத் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளைப் பகிரும் தளங்கள் அழிவாபத்தில் உள்ள இனங்களின் இடத்தைத் தாமாகவே மறைத்துக் காட்டும், ஆனால் நீங்கள் "பழ வௌவால்" என்று பொதுப் பெயரில் ஏற்றினால் மறைக்காது. அப்போது இடத்தை மறைக்கும் தெரிவை நீங்களே கையால் மாற்ற வேண்டும். விளக்கக் குறிப்பில் எஸ்டேட் பெயர், பாறையின் ஊர்ப்பெயர், "அருவிக்கு மேலே இரண்டாவது வளைவு" மாதிரி வழி எதுவும் வேண்டாம். அதைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கூட்டம் ஃபிளாஷோடு போய் நிற்கும்.

சரியான இடக்குறிப்போடு ஒரு பிரதியை அனுமதி கொடுத்த வன அலுவலகத்துக்குக் கொடுங்கள். எண்ணிக்கை, தேதி, தொந்தரவின் தடயம் ஏதாவது இருந்ததா, குகைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை புதிதா பழையதா என்பதையும் சேர்த்து. அடுத்த முறை அதே குகைக்கு நீங்கள் அனுமதி கேட்கும்போது அந்தத் தாள் கோப்பில் இருக்கும்.